ஒரு லென்ஸ் மதுரைக்கு வந்த வழி

உடைத்த துவரம்பருப்பின் அகலம்தான் அதற்கு. நடுவில் ஆறு மில்லிமீட்டர் வட்டம். வட்டத்தின் இரு பக்கமும் மெல்லியதாய் வளைந்த இரண்டு கைகள். கை நுனியிலிருந்து கை நுனிவரை அளந்தால் பன்னிரண்டரை, பதின்மூன்று மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவர்கள் “கண்ணுக்குள்ள லென்ஸ் வச்சிருக்கு” என்று சொல்வது இதைத்தான். இன்று தமிழ்நாட்டில் இதைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்ட ஒருவராவது இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இது பிறந்தது லண்டனில், 1949-ல். மதுரையில் இதைச் செய்யத் தொடங்கியது 1992-ல். இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள். அதில் பெரும்பகுதியை மருத்துவம் எடுத்துக்கொண்டது, அதில் நியாயம் இருக்கிறது. மீதியை விலை எடுத்துக்கொண்டது. அந்த மீதிக் காலத்தில் பார்வை கிடைத்திருக்க வேண்டிய எத்தனையோ கிழவிகளும் கிழவர்களும் திண்ணையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார்கள். இந்தச் சின்ன வட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர் கண்டுபிடிப்போடு நிறுத்திவிடக் கூடாது என்று நான் நினைப்பது அதனால்தான்.

முதலில் அதன் பூர்வீகம். 1930-களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்பது அதன் வேதியியல் பெயர். கண்ணாடிபோலத் தெளிவு, கண்ணாடியைவிடக் கனம் குறைவு. போர் நெருங்கிக்கொண்டிருந்த காலம். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போன்ற சண்டை விமானங்களில் விமானியின் தலைக்கு மேலே கவிந்திருக்கும் கூண்டைச் செய்ய இதைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை. 1940 ஆகஸ்ட் 15 அன்று கோர்டன் கிளீவர் என்ற விமானி ஓட்டிய ஹரிகேனின் கூண்டு, எதிரியின் குண்டு பட்டுச் சிதறியது. பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் அவருடைய இரண்டு கண்களிலும் பாய்ந்தன. குதித்து உயிர் தப்பினார். ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணில் சில்லுகள் தங்கிவிட்டன. பின்னால் பல ஆபரேஷன்கள்.

அவரைப் பார்த்த டாக்டர்களில் ஹரால்ட் ரிட்லியும் ஒருவர். மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையிலும் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலும் வேலை பார்த்தவர். கண்ணுக்குள் அந்நியப் பொருள் எது போனாலும் கண் கொந்தளிக்கும், சீழ் வைக்கும், கடைசியில் கண்ணே போய்விடும் என்பது அன்றைய பாடம். செம்புத் துணுக்கு போனால் அப்படித்தான் ஆகும். ஆனால் இந்த விமானிகளின் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தும், கூரான விளிம்பு எதையும் உரசாத வரை, கண் அமைதியாகவே இருந்தது. கண்ணுக்கு அந்தப் பொருளோடு பகை இல்லை. ரிட்லி இதை மனசில் குறித்து வைத்துக்கொண்டார்.

இது ஏன் பெரிய விஷயம் என்று தெரிய, அதுவரை கண்புரைக்கு என்ன வைத்தியம் நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் இருக்கிறது. வெளிச்சத்தை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. வயதானால் அது மங்கி வெளுக்கும். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து, கண்ணில் பட்ட அடி ஆகியவை அதைச் சீக்கிரமே மங்க வைக்கும். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூல் சொல்லும் முறையில், ஊசியால் அந்த லென்ஸைத் தட்டிக் கண்ணின் அடியில் தள்ளிவிடுவார்கள். 1747-ல் பிரான்சில் ஜாக் தவியேல் அதை வெளியே எடுத்துக் காட்டினார். அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் உலகம் முழுவதும் அதுதான் நடந்தது: கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிடு, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடு, தடித்த கண்ணாடி கொடு. எடுத்த இடத்தில் ஒன்றை வைக்கும் வழக்கமே இல்லை.

செயின்ட் தாமஸில் ரிட்லி ஆபரேஷன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீவ் பாரி என்ற மருத்துவ மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொன்று வைக்க மாட்டீர்களா என்கிற மாதிரி கேட்டார். பச்சைப்பிள்ளைத்தனமான கேள்வி என்று தள்ளிவிடக்கூடியதுதான். ரிட்லி தள்ளவில்லை. ரேனர் என்ற கண்ணாடிக் கம்பெனியின் ஜான் பைக்கிடம் போனார். அந்தக் கம்பெனி ஐ.சி.ஐ.யிடம் கேட்டு, கலப்படம் இல்லாத மருத்துவத் தரப் பெர்ஸ்பெக்ஸை வாங்கியது. 1949 நவம்பர் 29 அன்று, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் கண்ணில் முதல் லென்ஸ் உள்ளே போனது. வெளியே யாருக்கும் தெரியாமல் நடந்த ஆபரேஷன் அது.

கணக்கு பிசகியது. இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். ஆனால் பெர்ஸ்பெக்ஸ் அதைவிட அதிகமாக ஒளியை வளைக்கும். அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. லென்ஸ் கனமாகவும் இருந்தது. நூறு மில்லிகிராமுக்கு மேல். இன்றைய லென்ஸ் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கனத்தால் சிலருக்கு இடம் பெயர்ந்து விழுந்தது. கிருமி நீக்க உபயோகித்த செட்ரிமைட்டின் மிச்சம் லென்ஸிலேயே ஒட்டிக்கொண்டு அழற்சியைக் கிளப்பியது. ஆனாலும் கண் அந்தப் பொருளை ஏற்றுக்கொண்டது என்ற அடிப்படை உண்மை நின்றது.

ரிட்லிக்கு இன்னும் சில ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்து பார்க்க ஆசை. ஆனால் அவரிடம் லென்ஸ் வைத்துக்கொண்ட ஒருவர், அதே ரிட்லி என்ற பெயருடைய வேறொரு கண் டாக்டரிடம் தவறிப் போய்விட்டார். இனி மறைக்க முடியாது என்று 1951 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் அறிவித்தார். நோயாளிகளையே நேரில் அழைத்து வந்திருந்தார். அன்றைய ஆங்கிலக் கண் மருத்துவத்தின் பெரிய தலை சர் ஸ்டூவர்ட் ட்யூக்-எல்டர் அவர்களைப் பரிசோதிக்கவே மறுத்துவிட்டார். கண்ணிலிருந்து பொருளை எடுப்பவன்தான் டாக்டர், கண்ணுக்குள் பொருளைப் போடுபவன் டாக்டரா என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். கேலியும் பகையுமாகப் பல ஆண்டுகள் போயின. ராணி எலிசபெத் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது 2000-ல். அப்போது ரிட்லிக்கு வயது தொண்ணூற்று மூன்று. அதற்குள் அவருடைய இரண்டு கண்களிலும், அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அவர் கண்டுபிடித்த பொருளின் பேரப்பிள்ளைகள் வைக்கப்பட்டிருந்தன.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியில்தான் என் மனம் நிற்கிறது. ரிட்லி இந்த லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. ரேனர் கம்பெனியும் ஆரம்பத்தில் அடக்க விலைக்கே செய்து கொடுத்தது. யாருக்கும் சொந்தமில்லாததாகப் பிறந்த பொருள் இது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அதன் விலை என்னவாக இருந்தது என்பதைச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முப்பது ஆண்டுகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். நெதர்லாந்தில் பிங்கோர்ஸ்ட், இங்கிலாந்தில் சாய்ஸ் என்று சிலர் விடாமல் முயன்றார்கள். லென்ஸைக் கண்பாவைக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள், கருவிழிப்படலத்தில் மாட்டிப் பார்த்தார்கள். சுற்றிச் சுற்றி 1970-களின் நடுவில் ரிட்லி முதலில் வைத்த இடத்துக்கே திரும்பி வந்தார்கள்: இயற்கை லென்ஸ் இருந்த பையை எடுக்காமல் விட்டு, உள்ளிருக்கும் மங்கிய சதையை மட்டும் எடுத்து, அந்தப் பைக்குள் புது லென்ஸைப் பொருத்துவது. 1977-ல் அமெரிக்காவின் ஷியரிங் லென்ஸுக்கு வளைந்த கைகளைக் கொடுத்தார். அந்தக் கைகள் பையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு லென்ஸை நடுவில் நிறுத்தின. ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் வந்தது. 1981-ல் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. பணக்கார நாடுகளில் சில ஆண்டுகளுக்குள் தடித்த கண்ணாடி மறைந்தேபோனது.

நம் பக்கம் மறையவில்லை. எண்பதுகளில் கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் அந்தக் கண்ணாடி நினைவிருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி. பத்து டயாப்டர் பவர். காது வலிக்காமலிருக்கத் துணி சுற்றி, கொம்பு உடைந்தால் நூலில் கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்துவைத்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பொருளெல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். வாசல்படி இருக்கும் இடத்தில் இருக்காது. காப்பித் தம்ளரை எடுக்கக் கை நீட்டினால் விரல் முன்னாலேயே காற்றைப் பிடிக்கும். நேராகப் பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டில் ஒரு வளையம் முழுக்க இருட்டு. அந்த இருட்டிலிருந்து சைக்கிளோ மாடோ திடீரென்று முளைத்து வரும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாது, ஒன்று இரண்டாகத் தெரியும். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால், மறுபடி ஒன்று வாங்கும்வரை அவர் குருடர்தான். காட்டுவேலைக்குப் போகும் மனுஷிக்கு எத்தனை நாள் அது உடையாமல் தாங்கும்?

“புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்ற சொல் அந்தக் காலத்தில் பிறந்தது. அதைச் சொன்ன டாக்டர்கள் அறியாதவர்கள் அல்ல. அரைகுறைப் பார்வையை விட்டுவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடிக்கு மாறுவது நஷ்டம். ஆகவே இரண்டு கண்ணும் முழுக்க இருண்டபிறகே கைவைத்தார்கள். அந்தக் கணக்கு அன்றைக்குச் சரி. இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் துயரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி மதுரைக் கதை. எட்டயபுரத்துக்குப் பக்கத்து அயன்வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் கோவிந்தப்ப வேங்கடசாமி. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முடக்குவாதம் வந்து உடம்பைப் படுக்கையில் போட்டது. விரல்கள் கோணிக்கொண்டன. பிரசவ மருத்துவராக வேண்டும் என்றிருந்தவர் கண் மருத்துவத்துக்குத் திரும்பினார். கோணிய விரல்களால் கத்தி பிடிக்கத் தானே கற்றுக்கொண்டார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தபோதே ஊர் ஊராக முகாம் போட்டார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்த கை அது. 1976-ல், ஐம்பத்தெட்டு வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி முதலிய குடும்பத்தாரோடு மதுரையில் பதினொரு படுக்கையுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டடத்துக்கு வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கு. ‘டாக்டர் வி’ என்பதுதான் உலகம் அவரை அழைத்த பெயர்.

பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள், முடியாதவர்களுக்கு இலவசம், இரு தரப்புக்கும் அதே டாக்டர், அதே கைத்திறமை. இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸ் வந்ததும் அது இடறியது. வெளிநாட்டிலிருந்து வரும் லென்ஸ் ஒன்றுக்கு நூறு டாலருக்கு மேல். காசு கொடுத்தவர் கண்ணுக்குள் லென்ஸோடு போனார். முகாம் பஸ்ஸில் வந்தவர் சோடாபுட்டிக் கண்ணாடியோடு போனார். நன்கொடையாக வந்த லென்ஸ்கள் கொஞ்சம் உண்டு, ஆனால் வேண்டிய பவரில் வேண்டிய எண்ணிக்கையில் வராது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு விதப் பார்வை உண்டாகிவிட்டது.

அப்போது உலக அளவில் கேட்ட குரல்களை இன்று படித்தால் கோபம் வருகிறது. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் ஆடம்பரம், மைக்ரோஸ்கோப் வேண்டும், கணக்குப் போடும் கருவி வேண்டும், டாக்டர்களைப் புதிதாகப் பழக்க வேண்டும், இத்தனை லட்சம் பேர் காத்திருக்கும்போது தடித்த கண்ணாடியே போதும் என்று பொறுப்பான இடங்களில் இருந்தவர்களே சொன்னார்கள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நியாயம் போலத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடியை ஒரு நாள் போட்டு வயக்காட்டில் நடந்து பார்த்தவர் எவரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆஸ்திரேலியக் கண் டாக்டர் ஃபிரெட் ஹாலோஸ் இந்த வாதத்தை வெளிப்படையாக எதிர்த்துச் சண்டை போட்டவர். லண்டன்காரனின் கண்ணுக்கும் நேபாளக் குடியானவன் கண்ணுக்கும் ஒரே வைத்தியம் என்பது அவர் கட்சி.

மதுரைக்காரர்கள் லென்ஸின் விலையைக் கூறுபோட்டுப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் மதிப்பு சொற்பம். கடைதல், மெருகிடுதல், சோதித்தல் எல்லாம் கூலி வேலை. மிச்சமெல்லாம் விற்பவர்கள் வைத்த விலை. சேவா அறக்கட்டளையோடு வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கர் டேவிட் கிரீன், லென்ஸ் நன்கொடை கேட்டு அலைவதை விட்டுவிட்டு லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தைத் தேடினார். பெரிய கம்பெனிகள் கொடுக்கவில்லை. ஃபுளோரிடாவில் ஒரு சிறு கம்பெனி கொடுத்தது. டாக்டர் பி. பாலகிருஷ்ணன் பொறுப்பெடுத்துக்கொள்ள, 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. லாபத்தைப் பங்கு பிரித்து எடுத்துக்கொள்ள முதலாளிகள் இல்லாத அறக்கட்டளைத் தொழிற்சாலை.

அங்கே வேலைக்கு வந்தவர்கள் தென்மாவட்டக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்கள். எந்திரவியல் படித்தவர்கள் அல்ல. பருத்திக்கும் தீப்பெட்டிக்கும் போயிருக்க வேண்டிய விரல்கள். தலைமுடி தெரியாமல் தொப்பி, முகமூடி, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, காற்றைக்கூட வடிகட்டி விடும் அறைக்குள் போனார்கள். பிளாஸ்டிக் வில்லையைக் கணினிக் கடைசலில் மாட்டினால் அது முதலில் ஒரு பக்க வளைவைக் கடையும், பிறகு மறுபக்கம். அதன் பிறகு வட்டத்தையும் கைகளையும் ஒரே துண்டாக அறுத்தெடுக்கும். அறுத்த விளிம்பில் கூர் இருக்கும். கண்ணுக்குள் கூர் ஆகாது. ஆகவே கண்ணாடி மணிகளோடு சேர்த்து உருளையில் போட்டு நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றுவார்கள். பிறகு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஒரு கீறல், ஒரு புள்ளி, ஒரு கையில் சின்ன வளைவுப் பிசகு இருந்தாலும் அது கழிசல். தேறியதற்குப் பவர் அளந்து, எத்திலின் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி, எண் பொறித்த பெட்டியில் அடைப்பார்கள். பெட்டியோடு ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். அதில் ஒன்று ஆபரேஷன் முடிந்தவரின் அட்டையில் ஒட்டப்படும். எந்தக் கண்ணில் எந்த லென்ஸ் இருக்கிறது என்பதை அதை வைத்துப் பின்னோக்கிப் பிடித்துவிடலாம்.

நூறு டாலருக்கு மேல் விற்ற சாமான் பத்து டாலர் அளவுக்கு வந்தது. பிறகு ஐந்துக்கும் கீழே. அதற்குப் பிறகும் இறங்கியது. முகாம் பஸ்ஸில் வந்த கிழவிக்கும் இனி லென்ஸ்தான். மருந்துத் தொழிலில் எத்தனையோ சாதனைகளைக் கொண்டாடுகிறோம். ஒரு பொருளை முதன்முதலில் செய்வதற்கு ஈடான புத்தியும் பிடிவாதமும், அதை எல்லோருக்கும் எட்டும் விலையில் தரம் குறையாமல் செய்வதற்கும் வேண்டும் என்பதை மதுரை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ரிட்லிக்குக் கிடைத்த மரியாதை பாலகிருஷ்ணனுக்கும் அந்தப் பெண்களுக்கும் உரியது என்று தயங்காமல் சொல்வேன்.

விலை மட்டும் குறைந்தால் சந்தேகம் தீராது. மலிவுச் சரக்கு என்ற பேச்சு எழுந்தது. லென்ஸ் வைப்பது ஏழை நாட்டுச் சூழலில் பாதுகாப்புதானா என்ற பழைய கேள்வியும் இருந்தது. அதற்கு மதுரையிலேயே பதில் தேடினார்கள். 3,400 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய முறை, தடித்த கண்ணாடி. இன்னொரு பிரிவுக்கு லென்ஸ். கண் அட்டையில் எத்தனை வரி படிக்கிறார் என்பதோடு நிற்கவில்லை. நடப்பது, வீட்டு வேலை, ஆளை அடையாளம் காண்பது, மனநிலை எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்தார்கள். ‘மதுரை லென்ஸ் ஆய்வு’ என்று 1990-களின் பிற்பகுதியில் வெளியான அந்த முடிவுகள், லென்ஸ் பாதுகாப்பானது என்றும், வைத்துக்கொண்டவர்களின் அன்றாட வாழ்க்கை மேலானது என்றும் காட்டின. அதற்குப் பிறகு ‘கண்ணாடியே போதும்’ என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

அதே காலத்தில் காட்மாண்டுவில் டாக்டர் சந்துக் ருயித் தில்கங்கா கண் மையத்தைத் தொடங்கினார். 1993-ல் காலமான ஹாலோஸின் பெயரில் நடக்கும் அறக்கட்டளையின் உதவியோடு நேபாளத்திலும் எரித்ரியாவின் அஸ்மாராவிலும் லென்ஸ் தொழிற்கூடங்கள் எழுந்தன. மலையிலும் பாலையிலும் மதுரையிலும் ஒரே நேரத்தில் ஒரே பிடிவாதம். மதுரை லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

லென்ஸ் தனியாக வரவில்லை, கூடவே ஒரு மருத்துவமனையின் பழக்கவழக்கத்தையே மாற்றியது. முன்பெல்லாம் பள்ளிக்கூட வகுப்பறையிலோ கல்யாண மண்டபத்திலோ பெஞ்சைப் போட்டு ஆபரேஷன் செய்வது உண்டு. கண்ணுக்குள் ஒரு பொருளை வைக்கும்போது அந்தச் சுத்தம் போதாது. ஆகவே முகாமில் சோதனை மட்டும், ஆபரேஷன் மருத்துவமனையில் என்றானது. பள்ளிக்கூடத்தில் பார்த்துத் தேர்ந்தவர்களைப் பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, பாயில் படுக்க வைத்து, ஆபரேஷன் முடித்து ஊரில் இறக்கிவிடுவது என்ற ஏற்பாடு இப்படித்தான் நிலைத்தது. இன்னொன்று, பவர் கணக்கு. கண்ணின் நீளத்தை ஸ்கேனில் அளந்து, கருவிழியின் வளைவையும் அளந்து, இரண்டையும் சூத்திரத்தில் போட்டால்தான் எந்த எண் லென்ஸ் என்று தெரியும். ரிட்லியின் முதல் நோயாளிக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தையல் போடாத சிறு கீறல் முறை வந்தபிறகு, தேர்ந்த டாக்டர் ஒரு கண்ணைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கிறார். பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியை நர்ஸ் தயாராக வைத்திருப்பார். மைக்ரோஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும்.

இவ்வளவும் நடந்தபிறகு புரையால் யாரும் பார்வை இழக்கக் கூடாது. ஆனால் 2015 முதல் 2019 வரை இந்தியா முழுவதும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த தேசிய ஆய்வில், பார்வையிழப்புக்குக் காரணம் மூன்றில் இரண்டு பங்கு கண்புரைதான். 66.2 சதவீதம். லென்ஸ் உண்டு, விலை எட்டும், டாக்டர் உண்டு. அரசு மருத்துவமனையிலும் இலவசமாகவே வைக்கிறார்கள். பின் எங்கே தடை?

ஒன்று, அந்தப் பழைய ‘முத்தட்டும்.’ கண்ணாடிக் காலத்துக்குச் சொன்ன அறிவுரையை லென்ஸ் காலத்திலும் வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு முத்தக் காத்திருப்பதில் ஆதாயம் ஒன்றுமில்லை. வேலைக்கும் நடமாட்டத்துக்கும் இடைஞ்சலானதும் எடுத்துவிடலாம். மாறாக, முத்திப்போன புரை கல்லாய் இறுகி ஆபரேஷனைக் கடினமாக்கும். அளவுக்கு மீறி முத்தினால் கரைந்து கசிந்து கண் அழுத்தத்தை ஏற்றும். கண் சிவந்து, தாங்க முடியாத வலியோடு வருவார்கள். அந்த அழுத்தம் பார்வை நரம்பைக் கொன்றுவிட்டால் எந்த லென்ஸும் அதை மீட்டுத் தராது. புரை என்று வந்தவரைச் சோதிக்கும்போதே கண் அழுத்த நோயும் சர்க்கரையால் கெட்ட விழித்திரையும் தென்படுவது உண்டு. அவை இரண்டும் திரும்பி வராத இழப்பு. சீக்கிரம் பார்த்தால்தான் இருப்பதையாவது காக்க முடியும். ‘புரைதானே’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவதில் இருக்கும் ஆபத்து இது.

இரண்டாவது, பெண்கள். உலகெங்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், ஏறக்குறைய 55 சதவீதம். பெண்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பது ஒரு காரணம். சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்பது இன்னொரு காரணம். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்றால் பேப்பர் படிக்க முடியவில்லை, டவுனுக்குப் போக முடியவில்லை என்று வீடே அறிந்துகொள்கிறது. அம்மா, ஆச்சி, அப்பத்தா விஷயத்தில் அரிசியில் கல் தட்டுப்பட்டால் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். “எனக்கு எதுக்குப்பா, இனிமே எதைப் பாத்து என்ன ஆகப்போகுது” என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நாமும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்கிறோம். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பஸ் வசதி, துணைக்கு ஆள், மூன்று நாள் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்ற கவலை எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொல்லாக வெளிவருகிறது.

இதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு ஒன்று 2004 வாக்கில் தேனிப் பக்கம் தொடங்கியது. சிற்றூர்க் கடைத்தெருவில் ஒரு சிறு கண் மையம். உள்ளே பயிற்சி பெற்ற பெண் ஒருவர், கண்ணை உருப்பெருக்கிப் பார்க்கும் கருவி, ஒரு கேமரா. அவர் சோதித்து விவரங்களை அனுப்புவார். மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தொலைதூர வயர்லெஸ் இணைப்புக்கு வழி செய்துகொடுத்தார்கள். இன்று அரவிந்த் நடத்தும் இத்தகைய மையங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன. காய்கறி வாங்கப் போகிற பெண் யாரையும் கெஞ்சாமல், வேலை கெடாமல் கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்பதுதான் அதன் பெரிய பலன்.

மூன்றாவது தடை, இரண்டாவது கண். ஒரு கண்ணுக்கு லென்ஸ் வைத்து உலகம் தெளிந்ததும் மற்றக் கண்ணை மறந்துவிடுகிறோம். அது உள்ளுக்குள் முத்திக்கொண்டே போகிறது. ஒற்றைக் கண்ணில் ஆழம் பிடிபடாது. படியில், கிணற்றடியில், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிற முதியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். ஆபரேஷன் முடிந்து சில மாதமோ ஆண்டோ கழித்து லென்ஸுக்குப் பின்னாலுள்ள பை மங்குவதும் சிலருக்கு உண்டு. “வச்ச லென்ஸ் கெட்டுப்போச்சு” என்று நொந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். லென்ஸ் கெடவில்லை. யாக் லேசரால் சில நிமிடத்தில், கத்தியில்லாமல் அந்த மங்கலைத் திறந்துவிடலாம். ஒரு மாதம் கழித்து வரச்சொல்லும் மறுசோதனைக்குப் போனால் இதையெல்லாம் சொல்லி அனுப்புவார்கள், மற்றக் கண்ணுக்கும் அப்போதே தேதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒட்டுச்சீட்டு ஒட்டிய அந்த அட்டையை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். முதல் கண்ணில் எந்த எண் லென்ஸ் வைத்தார்கள், அதில் பார்வை எப்படி அமைந்தது என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவதன் கணக்கைச் சரிபார்ப்பார்கள்.